மரவள்ளி மாவுப்பூச்சியும் அதன் ஒட்டுண்ணிக் குளவியும்

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் புல்லுருவியைப்பற்றி எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. பறவைகள் மூலமாகக் கிளையில் வந்து ஒட்டிய விதை அங்கேயே முளைத்து, பட்டையைத் துளைத்து உறிஞ்சிகளை உட்செலுத்தி, மரம் மண்ணிலிருந்து ஏற்றும் நீரையும் உப்புக்களையும் பாதி வழியில் பறித்துக்கொள்கிறது. சோளக் கொல்லையில் தோன்றும் சுடுமல்லி இதனினும் கபடமானது. அதன் விதை பொடியைப்போல் நுண்ணியது. மண்ணுக்குள் பல வருஷங்கள் உறங்கிக் கிடக்கும். சோளம் முதலிய பயிர்களின் வேரிலிருந்து கசியும் ஒருவகைப் பொருள் தன்மேல் பட்டாலன்றி அது முளைப்பதில்லை. முளைத்தபின் வேரோடு வேராகப் பிணைந்து, தான் தரைக்குமேல் தலை காட்டுவதற்கு முன்பே பயிரை வாட்டத் தொடங்கிவிடுகிறது.

ஒரு ஜீவன் தன் ஆகாரத்தைப் பிறிதொரு ஜீவனின் உடலிலிருந்தே பெற்று, அதற்குக் கைம்மாறாக யாதொன்றும் செய்யாமல் வாழும் இம்முறைக்கு ஒட்டுண்ணி வாழ்க்கை என்று பெயர். மாட்டின் தோலில் தொங்கும் உண்ணியும், கன்றின் குடலில் வாழும் புழுக்களும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே. இவற்றிற்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. தமக்கு இடங்கொடுத்த உயிரை இவை மெலிவிக்கின்றனவேயன்றிப் பெரும்பாலும் விரைவில் கொன்றுவிடுவதில்லை. பால் கறப்பவன் பசுவைக் கொல்லான்; மரம் பட்டுப்போனால் புல்லுருவிக்கும் அன்றே முடிவு.

இக்கணக்கிற்கு உட்படாத ஒரு கூட்டமும் உண்டு. பூச்சிகளின் உடலுக்குள் முட்டையிடும் சிறு குளவிகள் அவை. தாய்க்குளவி சுயேச்சையாகப் பறந்து திரிவது. தேனும் இனிப்பு நீரும் அதன் உணவு. அதன் புழு மட்டுமே ஒட்டுண்ணி. அப்புழு பிறிதொரு பூச்சியின் உடலுக்குள் பொரித்து, அதன் உள்ளுறுப்புக்களைச் சிறிது சிறிதாகத் தின்று வளர்ந்து, முடிவில் அதைத் தவறாமல் கொன்றுவிட்டே வெளிவருகிறது. ஒரு குளவி வளர ஒரு பூச்சி சாகவேண்டும் என்பது விதி. தின்னப்படும் பூச்சி பயிருக்குச் சத்துருவாயின், குளவி குடியானவனுக்கு மித்திரனாகிறது. இக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு குளவி சேலம், நாமக்கல், தர்மபுரி முதலிய ஜில்லாக்களின் மரவள்ளிச் சாகுபடிக்கு மிகவும் வேண்டியதாயிருக்கின்றமையால், அதன் சரித்திரத்தையும் நடத்தையையும் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

ஆப்பிரிக்காவில் நேர்ந்த ஆபத்து

மரவள்ளி தென்னமெரிக்கா கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுசென்றனர். வறட்சியைப் பொறுத்து, இளைத்த மண்ணிலும் விளையும் தன்மையால் நாளடைவில் அது அங்கே சுமார் 20 கோடி ஜனங்களின் முக்கிய உணவாயிற்று. கடல் கடந்தபோது செடி மட்டுமே வந்தது. அதன் தாய்நாட்டுப் பூச்சிகள் பல அங்கேயே தங்கிவிட்டன. ஏறக்குறைய 400 வருஷங்கள் அந்தச் சௌகரியம் நீடித்தது.

1973-ஆம் வருஷத்தையொட்டி, காங்கோ ஆற்றுப் பிராந்தியத்தில் இளஞ்சிவப்பு நிறமும் மேலே வெண்பொடியும் உள்ள ஒரு மாவுப்பூச்சி மரவள்ளியின் நுனிக்குருத்துக்களில் காணப்பட்டது. அதுவரையில் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரும் இட்டிருக்கவில்லை. 1977-இல்தான் பீனகாக்கஸ் மானிஹோட்டி என்று பெயர் சூட்டப்பெற்றது. அதற்குள் பூச்சி நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்தது. இது சாற்றை உறிஞ்சுவதோடு நில்லாது. உறிஞ்சும்போது செடிக்குள் உமிழும் நீர் குருத்தின் வளர்ச்சியையே குலைக்கிறது. கணுவிடைகள் குறுகி, இலைகள் சுருண்டு குவிந்து, நுனி முழுவதும் ஒரு முடிச்சுப்போல் ஆகிவிடும். பிறகு இலைகள் உதிர்ந்து தண்டு மொட்டையாகிறது. கிழங்கு பெருக்காது என்பது ஒரு நஷ்டம். அடுத்த வருஷத்திற்குக் கரணை வெட்டத் தகுந்த நேரான குச்சியும் கிடைக்காது என்பது அதனினும் பெரிய நஷ்டம். தாக்குதல் கடுமையான இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம்வரை சேதமானதாகக் கணக்கிட்டனர்.

இப்பூச்சியில் ஆண் இல்லை. ஒவ்வொரு பூச்சியும் பெண்ணே. இணை சேராமலே பஞ்சுபோன்ற பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சுமார் 1 மாதத்தில் ஒரு தலைமுறை முடிகிறது. ஒரு குருத்தில் காற்று கொண்டுவந்து போட்ட ஒரே ஒரு குஞ்சு, கோடைகாலம் முடிவதற்குள் கொல்லை முழுவதற்கும் வம்சகர்த்தாவாகிவிடக்கூடும். பொறிவண்டுகள் அதைத் தின்னாமலில்லை. ஆனால் பூச்சி மலிந்த இடத்தில்தான் வண்டு தங்கும். இரை குறைந்தவுடன் வேறிடம் நாடிச் சென்றுவிடும். அது வருவதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

நைஜீரியாவில் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் இவ்விஷயத்தை ஏற்று நடத்தியவர் ஸ்விட்சர்லாந்து தேசத்தவரான ஹான்ஸ் ஹெரன் என்னும் விஞ்ஞானி. மாவுப்பூச்சி மரவள்ளியின் தாய்நாட்டிலிருந்தே வந்திருக்கவேண்டும். அங்கே அது பெருவாரியாகக் காணப்படவில்லையென்றால் ஏதோ ஒன்று அதை அடக்கி வைத்திருக்கவேண்டும் என்பது அவர்களுடைய யூகம். ஆகவே அதன் சத்துருவைத் தேடி அமெரிக்காவிற்கு ஆட்கள் சென்றனர்.

முதலில் தென்னமெரிக்காவின் வடபாகத்தில் மரவள்ளியிலே ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்வைக்கு அதுவே இது எனலாம். அதன் உடலில் வளர்ந்த ஒட்டுண்ணிகளைச் சேகரித்துப் பார்த்தபோது, ஆப்பிரிக்கப் பூச்சியை அவை ஏற்கவில்லை. நுட்பமாக ஆராய்ந்ததில் அது வேறு இனம் என்றும், அதில் ஆணும் பெண்ணும் உண்டென்றும் தெரியவந்தது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத வேற்றுமை குளவிக்குப் புலப்பட்டுவிட்டது! கடைசியில் 1981-இல் அந்தோணி பெல்லோட்டி என்பவர் பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியைக் கண்டுபிடித்தார். அங்கே அது அபூர்வமாகவே இருந்தது. அதன் உடலில் அனாகைரஸ் லோபெசி என்னும் குளவி இருந்தது.

குளவியை நேரே ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுபோகவில்லை. முதலில் இங்கிலாந்தில் தனிக்காவலில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பரீட்சித்தனர். ஒட்டுண்ணிக்கும் ஒட்டுண்ணி உண்டு. குளவிப்புழுவின் உடலில் முட்டையிடும் வேறு குளவிகள் கூடவே ஒளிந்து வந்துவிட்டால் செய்த முயற்சியெல்லாம் வீணாகும். அவ்வகைத் துணைச்சரக்கு ஏதுமில்லை என்று நிச்சயப்பட்ட பின்னரே நைஜீரியாவிற்கு அனுப்பப்பெற்று, 1981-ஆம் வருஷ முடிவில் முதன்முதலாகக் கொல்லைகளில் விடப்பட்டது. பின்னர்ப் பல நாடுகளில் தரைவழியாகவும் ஆகாயவிமானத்திலிருந்தும் விட்டனர். அடுத்த 10 வருஷங்களில் 20-க்கு மேற்பட்ட நாடுகளில் குளவி நிலைத்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் மாவுப்பூச்சி அரிதாயிற்று. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது.

குளவி வேலை செய்யும் விதம்

2 மில்லிமீட்டர் நீளமும் இல்லாத கரிய பிராணி இக்குளவி. எள்ளினும் சிறியது, மனிதரைக் கொட்டாது. பரந்த கொல்லையில் ஒரு குருத்தில் மட்டும் மறைந்திருக்கும் பூச்சியை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது ஆச்சரியப்படத்தக்கது. பூச்சி தாக்கிய மரவள்ளிச் செடியிலிருந்து ஒருவித வாசனை எழுகிறது. தாக்கப்படாத செடியில் அவ்வாசனை இல்லை. குளவி அதை நுகர்ந்தே வருகிறது. ஊமை என்று எண்ணப்படும் செடி தன் சத்துருவின் சத்துருவைக் கூவி அழைப்பதாகவே இதைக் கொள்ளலாம்.

அருகில் வந்தபின் தன் உணர்கொம்புகளால் மாவுப்பூச்சியைத் தட்டிப் பரிசோதிக்கிறது. மிகச் சிறிய குஞ்சாயிருந்தால் அதைக் குத்தி, கசியும் உடல்நீரைத் தானே பருகிவிடும். அதனாலும் பூச்சி சாகிறது. தக்க வளர்ச்சியுள்ளதாயின் முட்டையிடும் ஊசியை அதன் உடலில் செலுத்தி ஒரு முட்டையை வைக்கிறது. குத்துப்பட்ட பூச்சி உடனே சாவதில்லை. சில நாட்கள் வழக்கம்போல் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். உள்ளே புழு வளர்ந்துகொண்டிருக்கும். சில வேளைகளில் பூச்சியின் உடல் அம்முட்டையைச் சூழ்ந்து கரிய உறையால் மூடி மூச்சடைக்கச் செய்வதுமுண்டு. அப்படித் தப்பாதவை ஏறக்குறைய ஒரு வாரத்தில் இறந்து, உடல் உப்பி, தோல் கெட்டியாகிப் பழுப்பு நிறக் கூடாகின்றன. அக்கூட்டிற்குள்ளேயே புழு கூட்டுப்புழுவாகி, முட்டையிட்ட இரண்டு மூன்று வாரங்களில் குளவியாகி, வட்டமான துவாரம் ஒன்றை வெட்டிக்கொண்டு வெளிப்படுகிறது. மாவுப்பூச்சியின் ஒரு தலைமுறைக்குள் குளவியின் ஒரு தலைமுறை முடிந்து அடுத்ததும் தொடங்கிவிடுவதால், ஓட்டத்தில் குளவியே முந்துகிறது.

இதில் குடியானவர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. தேனீயைப்போலவே இக்குளவியிலும், கருவுற்ற முட்டை பெண்ணாகும். கருவுறாத முட்டை ஆணாகும். எதை இடுவது என்பது தாயின் விருப்பம். சிறிய மாவுப்பூச்சி அகப்பட்டால் ஆண் முட்டையையும், பெரிய பூச்சி அகப்பட்டால் பெண் முட்டையையும் இடுவது அதன் வழக்கம். பெண் பெரியதாக வளரவேண்டும். ஆகவே அதற்கு அதிக ஆகாரம் வேண்டும். ஆணுக்குக் கொஞ்சம் போதும். பெண் பிறந்தாலன்றி அடுத்த தலைமுறைக்கு முட்டையில்லை.

ஆப்பிரிக்காவில் குளவி விடப்பட்ட இடங்களுள் சில மணற்பாங்கான நிலங்களில் மட்டும் மாவுப்பூச்சி தணியவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, அந்நிலங்கள் சத்திழந்தவை என்பது தெரிந்தது. சத்தற்ற மண்ணில் இளைத்த செடி. இளைத்த செடியில் சிறுத்த மாவுப்பூச்சி. சிறுத்த மாவுப்பூச்சியில் ஆண் குளவிகளே மிகுதியாய்ப் பிறந்தன. பெண்கள் குறைந்தமையால் குளவியின் பெருக்கம் தடைப்பட்டது. தழை, சருகு கொண்டு நிலத்தை மூடி எருவும் இட்டுச் செடியைத் தேற்றியபோது, பூச்சியும் பருத்தது. பருத்த பூச்சியில் பெண் குளவிகள் அதிகமாய்ப் பிறந்து, பூச்சி அடங்கலாயிற்று. எருவிட்டால் பூச்சி கொழுக்குமே என்று அஞ்சுவது இயல்பு. கொழுப்பது உண்மைதான்; ஆனால் அக்கொழுப்பு குளவியின் பெண்மக்களுக்கே போய்ச் சேருகிறது. மரவள்ளிக்கு எரு எதற்கு, அது தானே விளையும் என்று சொல்பவர்கள் இதை ஆலோசிக்கவேண்டும்.

இந்நாட்டில்

சேலம் ஜில்லாவில் மரவள்ளி, அல்லது அப்பக்கத்தார் கூறும் குச்சிக்கிழங்கு, வெறும் உணவுப் பயிராக மட்டும் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் கீழ்நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனபின், அங்கே கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றி, இன்று சுற்றுப்புற ஜில்லாக்களின் அநேகக் குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக இருக்கிறது. ஆகவே கிழங்கு பொய்த்தால் கொல்லையோடு ஆலையும் நிற்கும்.

அந்நிய மாவுப்பூச்சியின் தொல்லை இப்பக்கத்தாருக்குப் புதிதன்று. மெக்சிகோ பிராந்தியத்திலிருந்து கிளம்பிய பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பல பயிர்களையும் பீடித்தது. மருந்துக்குமேல் மருந்து தெளித்தும் பயனில்லை. உடலை மூடிய மெழுகுப்பொடியும் சுருண்ட இலையும் பூச்சியைக் காத்தன. 2010-இல் போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து ஒட்டுண்ணிகள் வரவழைக்கப்பெற்று, பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தினரும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினரும் அவற்றை வளர்த்து வழங்கினர். அவற்றுள் அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவியே மிகச் சிறப்பாக வேலை செய்தது.

அந்தத் தொல்லை தணிந்து 10 வருஷங்கள் ஆவதற்குள், 2020-இல் கேரளத்தில் திருச்சூரில் ஆப்பிரிக்காவைக் கலக்கிய மரவள்ளி மாவுப்பூச்சியே வந்திருப்பது தெரிந்தது. சேலம், நாமக்கல் பக்கங்களிலும் அது விரைவில் பரவிற்று. முன்பு வந்த குளவி இதைத் தொடாது. குளவிக்குக் குளவி இரை வேறு. ஆகவே அனாகைரஸ் லோபெசியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் வரவழைத்து, தனிக்காவலில் பரீட்சித்து, 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக விட்டனர்.

வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்தால் அதுவே நாளைக்குப் பயிரைத் தின்னாதா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. இக்குளவியின் புழு மாவுப்பூச்சியின் உடலிலன்றி வேறெங்கும் வளரமாட்டாது. செடியைக் கடிக்க அதற்கு வாயமைப்பும் இல்லை. தென்ஜில்லாக்களில் சப்பாத்திக்கள்ளி புதர் புதராய் நிலங்களை அடைத்திருந்த காலத்தை முதியோர் சொல்லக் கேட்டிருக்கலாம். 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட கள்ளிப்பூச்சி அப்புதர்களை அழித்தது. கள்ளி போனபின் அது நெல்லுக்கோ வாழைக்கோ தாவவில்லை.

கொல்லையில் செய்யவேண்டியவை

முதலாவது, எந்தப் பூச்சி என்று அறிதல். நசுக்கிப் பார்த்தால் பப்பாளி மாவுப்பூச்சியிலிருந்து மஞ்சள் நீர் வரும், உடலும் மஞ்சளாயிருக்கும். மரவள்ளி மாவுப்பூச்சியின் உடல் வெண்பொடிக்குக் கீழே இளஞ்சிவப்பு. நுனிக்குருத்தை முடிச்சாக்குவது அதன் அடையாளம். இரண்டும் ஒரே செடியில் இருப்பதும் உண்டு. ஐயமிருந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டித் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவதாக, குருத்தைப் பிரித்துப் பழுப்புக் கூடுகள் உள்ளனவா என்று பார்த்தல். வெண்பொடியைக் கண்டவுடனே தெளிப்பானை எடுத்துத் தோளில் மாட்டுவது பலருடைய வழக்கம். அது பெருந்தவறு. கடுமையான மருந்து மெழுகுக்குள் இருக்கும் பூச்சியைப் பாதியே கொல்லும். வெளியே திரியும் குளவியை முற்றும் கொல்லும். மிஞ்சிய பூச்சிகள் தடுப்பாரின்றி ஒரே மாதத்தில் முன்னிலும் பெருகும். பத்துக்கு இரண்டு மூன்று பூச்சிகள் கூடாகியிருப்பினும், அக்கொல்லையில் வேலை தொடங்கிவிட்டது என்று அறிந்து பொறுத்திருக்கவேண்டும். கூடுகளில் துவாரம் இருந்தால் குளவி ஏற்கெனவே வெளிவந்துவிட்டது.

எறும்புகள் மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காத்து, குளவியை அண்டவிடாமல் துரத்தும். எறும்புப் புற்றுக்களை அழிப்பது குளவிக்கு வழிவிடுவதாகும். கோடையில் நீர்வசதியுள்ளவர்கள் பயிரை வாடவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். வறண்ட செடியில்தான் பூச்சியின் கை ஓங்குகிறது. கரணைகளைப் பூச்சி கண்ட கொல்லையிலிருந்து எடுக்கவே கூடாது. இப்பூச்சி நெடுந்தூரம் செல்வது தன் காலால் அன்று; வண்டியில் ஏற்றப்படும் குச்சிக்கட்டுக்களில்தான்.

பக்கத்துக் கொல்லையில் பூச்சி மிகுந்து, பழுப்புக் கூடு ஒன்றும் காணப்படாவிடில், குளவியுள்ள இடத்திலிருந்து அங்கே கொண்டுபோகலாம். துவாரம் விழாத கூடுகள் நிறைந்த குருத்துக்களைக் காலை வேளையில் கிள்ளி, காற்றோட்டமுள்ள காகிதப்பையில் இட்டு, அன்றே எடுத்துச்சென்று, பூச்சியுள்ள செடிகளின் நடுவில் நிழலான கவட்டில் செருகிவிடவேண்டும். குருத்தோடு உயிருள்ள மாவுப்பூச்சிகளும் போகுமாகையால், பூச்சி இல்லாத கொல்லைக்கு இவற்றைக் கொண்டுபோகலாகாது. வழியில் வெயிலில் வைத்தாலும் மூடிய டப்பாவில் அடைத்தாலும் உள்ளிருக்கும் குளவிகள் மடிந்துபோகும்.